ரிலே அணையும்போது ஸ்பீக்கரில் வரும் ‘டப்’: ஆடியோ சுவிட்ச் செய்யப் பழகுபவர்களுக்கு

டிவி, சிடி பிளேயர், ஃபோன், ரேடியோ என்று நாலைந்து கருவிகளை ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாற்றி மாற்றிக் கேட்க ஒரு செலக்டர் செய்ய வேண்டும். நீளமான ஒயர்களை முன்பக்கத்துக்கு இழுத்து வந்து ரோட்டரி சுவிட்சில் கட்டுவதைவிட, ஆர்சிஏ சாக்கெட்டுகளின் முதுகிலேயே சின்ன ரிலேக்களை (கரண்ட் கொடுத்தால் மாறும் சுவிட்சுகள்) வைத்து 12 வோல்ட்டில் இயக்குவது நல்ல வழி. சிக்னல் பின்பக்கத்திலேயே இருந்துவிடும். முன்பக்கம் வெறும் பட்டன்கள்தான் வரும்.

நானும் அப்படித்தான் என் முதல் செலக்டரைச் செய்தேன். வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் ஸ்பீக்கரில் ஒரு ‘டப்’. ரிலேக்களுக்குக் கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு போட்டிருந்தேன், இருந்தும் சத்தம் போகவில்லை. டையோடை மாற்றினேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன், இரண்டு வார இறுதிகள் போயின. கடைசியில் பார்த்தால் அங்கே ஒன்றல்ல, மூன்று சத்தங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. ரிலேயின் உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றான காயில், அணையும்போது கொடுக்கும் உதையால் வந்தது ஒன்று. காயிலின் கரண்ட் ஆடியோ கிரவுண்ட் வழியாகத் திரும்பியதால் வந்தது இன்னொன்று. மூன்றாவதற்கும் காயிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பழைய டிவிடி பிளேயரின் அவுட்புட்டில் டிசி கசிந்துகொண்டிருந்தது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் இந்தக் கட்டுரையில் டையோடுக்கு முன்னால் நோயைக் கண்டுபிடிக்கும் வேலை வருகிறது.

இங்கே சொல்வதெல்லாம் 5, 12 அல்லது 24 வோல்ட் டிசி ரிலேக்களுக்கு. 230 வோல்ட் ஏசி காயில் உள்ள ரிலேக்கு டையோடு போடக் கூடாது. அது தனிக் கதை.

காயில் ஏன் உதைக்கிறது

ரிலேயின் உள்ளே இருப்பது இரும்பின் மேல் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி. அதில் கரண்ட் ஓடும்போது காந்தப்புலம் உருவாகி ஆற்றல் அதில் சேர்கிறது. கரண்டைத் திடீரென்று வெட்டினால் அந்த ஆற்றலுக்குப் போக இடம் வேண்டும். காயில் தன் கரண்டை நிறுத்த விடாது. எந்த வழியிலாவது ஓட வைக்கப் பார்க்கும். வழியில்லை என்றால் வழி உண்டாகும்வரை வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். நீளமான கம்பிச் சுற்றைத் துண்டிக்கும்போது பொறி பறப்பதைக் கவனித்து 1832-இல் எழுதியவர் அமெரிக்கரான ஜோசப் ஹென்றி. காயிலின் இந்தக் குணத்துக்குப் பெயர் இண்டக்டன்ஸ்; அதன் அலகுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆடியோ வேலைக்குப் பலர் வாங்கும் ஓம்ரான் ஜி5வி-2, 12 வோல்ட் ரிலேயின் காயில் 288 ஓம். கரண்ட் சுமார் 42 மில்லிஆம்பியர். இண்டக்டன்ஸைப் பல தரவுத்தாள்களில் போடுவதில்லை. கணக்குக்காக அரை ஹென்றி என்று வைத்துக்கொள்கிறேன். சேர்ந்திருக்கும் ஆற்றல் அரை மில்லிஜூலுக்கும் கொஞ்சம் குறைவு. கேட்கச் சின்னதுதான். ஆனால் இந்த ஆற்றல் முழுதும் ஒயர்களுக்கு நடுவே தானாகவே இருக்கும் 100 பிக்கோஃபாரட் சிதறல் கெப்பாசிட்டன்ஸில் போய் நிரம்பினால் அங்கே கிட்டத்தட்ட 3000 வோல்ட் வர வேண்டும். நிஜத்தில் அவ்வளவு வராது. காயிலின் இரும்பு கொஞ்சம் ஆற்றலைத் தின்னும். அதற்குள் டிரான்சிஸ்டரும் உடைந்து கரண்டை விட்டுவிடும். ரிலேயை ஆன், ஆஃப் செய்யும் பிசி337 டிரான்சிஸ்டர் தாங்குவது 45 வோல்ட். நூறு வோல்ட்டுக்கு மேல் எகிற வேண்டிய உதையை அது ஒவ்வொரு முறையும் தன் உடம்பில் வாங்குகிறது. சில நூறு முறை தாங்கலாம், ஒரு நாள் ஷார்ட் ஆகிவிடும்.

கண்ணால் பார்க்க ஆசை என்றால் ஒரு சின்ன நியான் பல்பை ரிலே காயிலுக்குக் குறுக்கே வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் ஒரு ஒயரைக் காயிலில் தொட்டுத் தொட்டு எடுங்கள். தொடும்போது பல்பில் ஒன்றும் இருக்காது, எடுக்கும்போது மினுக்கும். நியான் எரிய எழுபது, எண்பது வோல்ட்டாவது வேண்டும். அது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வந்திருக்காது இல்லையா? இதைச் செய்யும்போது காயிலின் இரண்டு முனைகளையும் விரலால் பிடிக்காதீர்கள், சுள்ளென்று கடிக்கும்.

முதல் படி: எந்த ‘டப்’ என்று கண்டுபிடியுங்கள்

வால்யூமைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். ஒரே ஒரு ரிலேயை மட்டும் ஆன், ஆஃப் செய்து பாருங்கள். செலக்டரில் ஒரு ரிலே அணையும் அதே நேரத்தில் இன்னொன்று எழும். இரண்டும் சேர்ந்தால் எது எதன் சத்தம் என்று தெரியாது.

ஆஃப் ஆகும்போது மட்டும் கூர்மையான ‘டிக்’ வந்தால் காயிலின் உதையைச் சந்தேகியுங்கள். ஆன், ஆஃப் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி மந்தமான ‘டப்’ வந்தால் கிரவுண்ட் அல்லது சப்ளை வழியாக வருகிறது. ஒரு குறிப்பிட்ட கருவிக்கு மாறும்போது மட்டும் ‘தொம்’ என்று வந்தால், அந்தக் கருவியின் அவுட்புட்டில் டிசி இருக்கிறது.

காதை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டு சோதனைகள் செய்யலாம். ஒன்று, மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்து, கருவியை ஆன் செய்த நிலையில் ஒவ்வொரு இன்புட் சாக்கெட்டின் நடு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒரு மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 5 மில்லிவோல்ட் இருந்தால் அது 20 மடங்கு பெருக்கும் பவர் ஆம்பில் போய் 100 மில்லிவோல்ட் தாவலாக ஸ்பீக்கரில் விழும்; நன்றாகவே கேட்கும். என் டிவிடி பிளேயரில் 30-ஐத் தாண்டியது.

இரண்டாவது சோதனை இன்னும் நல்லது. ரிலேயின் காயில் ஒயர்கள் இரண்டையும் போர்டிலிருந்து கழற்றி, தனியாக ஒரு பேட்டரியில் கொடுத்து இயக்குங்கள். 12 வோல்ட் ரிலே பெரும்பாலும் புது 9 வோல்ட் பேட்டரியிலேயே இழுக்கும். காயிலுக்குக் குறுக்கே டையோடு இருக்கட்டும். பேட்டரிக்கும் ஆடியோ கிரவுண்டுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இப்போது ‘டப்’ காணாமல் போனால் குற்றவாளி சப்ளையும் கிரவுண்டும்தான். அப்படியே இருந்தால் கான்டாக்ட் (ரிலேயில் சிக்னலை இணைத்துப் பிரிக்கும் முனைகள்) பக்கத்து டிசி. இந்த ஐந்து நிமிட வேலையை முதலிலேயே செய்திருந்தால் அந்த இரண்டு வார இறுதிகள் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் படி: டிரைவரும் டையோடும்

மைக்ரோகன்ட்ரோலரின் காலிலிருந்து நேராக ரிலேயை இயக்காதீர்கள். நடுவே ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். அதன் மூன்று கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர். காயிலின் ஒரு முனை 12 வோல்ட்டில், மறுமுனை பிசி337-இன் கலெக்டரில், எமிட்டர் கிரவுண்டில். டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்க, காயில் கரண்டில் பத்தில் ஒரு பங்கைப் பேஸுக்குக் கொடுப்பது வழக்கம். 42 மில்லிஆம்பியருக்கு 4.2. மைக்ரோகன்ட்ரோலர் தருவது 5 வோல்ட், பேஸ் எடுப்பது 0.7, மிச்சம் 4.3 வோல்ட். வகுத்தால் சுமார் 1 கிலோஓம். சரி, அதையே போடுங்கள்.

வாங்கும்போது கால்களின் வரிசையைப் பாருங்கள். பிசி337-இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளாஸ்டிக் உடம்பில் வரும் 2222 டிரான்சிஸ்டர்களில் பெயரின் முன்னெழுத்தைப் பொறுத்து வரிசை தலைகீழாக மாறும். கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று கொடுப்பார். மீட்டரில் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

அடுத்தது டையோடு. காயிலுக்கு இணையாக, கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம், மறுமுனை கலெக்டர் பக்கம். ரிலே ஆன் ஆக இருக்கும்போது டையோடு தலைகீழாக இருப்பதால் சும்மா இருக்கும். டிரான்சிஸ்டர் மூடியதும் காயில் கலெக்டர் பக்கத்தை மேலே தள்ளும். 12 வோல்ட்டைவிட 0.7 ஏறியதும் டையோடு திறந்து காயிலின் கரண்டை அதற்கே சுற்றிவிடும். கலெக்டர் 12.7 வோல்ட்டுக்கு மேல் போகாது. நூற்றுக்கணக்கான வோல்ட் எகிற வேண்டியது அங்கேயே அடங்கிவிட்டது.

எந்த டையோடு? சின்ன சிக்னல் ரிலேக்கு 1என்4148 போதும். அணைத்த கணத்தில் டையோடு சுமக்க வேண்டியது காயிலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கரண்டைத்தான், அதற்கு மேல் இல்லை. 42 மில்லிஆம்பியர் அதற்குப் பாரமே இல்லை. நூறு மில்லிஆம்பியரைத் தாண்டும், ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் ஸ்பீக்கர் ரிலேக்கு 1என்4007 போடுங்கள். அந்த 1000 வோல்ட் தாங்குதிறன் இங்கே தேவையில்லைதான். ஆனால் எல்லாக் கடையிலும் கிடைப்பது, விலையும் ஒன்றுதான்.

திருப்பிப் போட்டுவிட்டால்? ரிலே ஆன் ஆகும் கணத்தில் டையோடு நேர்வழியாகத் திறந்து 12 வோல்ட்டை டிரான்சிஸ்டர் வழியாக ஷார்ட் செய்யும். இரண்டில் ஒன்று போகும், சில சமயம் இரண்டுமே. இதைச் சாலிடர் செய்த பிறகு மீட்டரில் சோதிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டையோடு மோடில் வைத்தாலும் மீட்டர் காட்டுவது குறுக்கே இருக்கும் 288 ஓம் காயிலைத்தான்; இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும். டையோடைப் போர்டில் வைப்பதற்கு முன்பே சோதித்து, கோட்டைக் கண்ணால் பார்த்துச் சாலிடர் செய்யுங்கள்.

இன்னொன்று: பானாசோனிக் டிக்யூ2 போன்ற சில ரிலேக்களின் காயிலுக்கே பிளஸ், மைனஸ் உண்டு. உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால், மாற்றிக் கொடுத்தால் ரிலே அசையாது. டையோடு சரியாக இருந்தும் ரிலே ‘கிளிக்’ சொல்லவில்லை என்றால் இதைப் பாருங்கள்.

நிறைய ரிலே இருந்தால் யூஎல்என்2003 ஐசி வசதி. ஏழு டிரைவர்கள், ஏழு டையோடுகள் உள்ளேயே. ஆனால் 9-ஆம் பின்னை ரிலே சப்ளையின் பிளஸ்ஸில் இணைத்தால்தான் அந்த டையோடுகள் வேலை செய்யும். அதை இணைக்காமல் அந்தரத்தில் விட்ட போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ரிலே சரியாகவே இயங்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது.

மூன்றாம் படி: டையோடு எங்கே உட்கார வேண்டும்

சர்க்யூட் படத்தில் டையோடு எங்கே வரைந்தாலும் ஒன்றுதான். போர்டில் அப்படியில்லை. என் முதல் செலக்டரில் ரிலேக்கள் பின்பக்கம், டிரைவர் போர்டு முன்பக்கம், டையோடுகள் டிரைவர் போர்டில். நடுவே ஒரு முப்பது சென்டிமீட்டர் பட்டை ஒயர். டிரான்சிஸ்டருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் ரிலே அணைந்த பிறகு காயிலின் கரண்ட் அந்த ஒயர் முழுக்கப் போய்வந்து சுற்றியது. அந்த ஒயர் ஆடியோ ஒயர்களுக்குப் பக்கத்தில்தான் ஓடியது. பெரிய வளையத்தில் கரண்ட் மாறினால் பக்கத்து வளையத்தில் அதன் நிழல் விழும்.

டையோடை ரிலேயின் காயில் கால்களிலேயே வையுங்கள், வளையம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கட்டும். டையோடுகளைப் பின்னால் கொண்டுபோனதுமே என் ‘டிக்’ பாதிக்கு மேல் குறைந்தது. ரிலேக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். அவை ஆடியோ ஒயரைக் கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும், பக்கத்தில் சேர்ந்து ஓட வேண்டாம்.

நான்காம் படி: காயில் கரண்ட் எந்த வழியாக வீடு திரும்புகிறது

ஆடியோவில் இதுதான் பெரிய விஷயம். டையோடு பற்றி எழுதுபவர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை.

ஒரு மில்லிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள சாதாரண பிசிபி செப்புத் தடத்தின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 50 மில்லிஓம். 42 மில்லிஆம்பியர் அதில் ஓடினால் விழுவது 2 மில்லிவோல்ட். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அதே தடம்தான் ப்ரீஆம்பின் கிரவுண்டும் என்றால், ரிலே ஒவ்வொரு முறை மாறும்போதும் ப்ரீஆம்பின் கிரவுண்ட் 2 மில்லிவோல்ட் தாவுகிறது. ரெக்கார்ட் பிளேயரின் ஊசியைப் பிடித்திருக்கும் எம்எம் கார்ட்ரிட்ஜ் தரும் சிக்னலே 5 மில்லிவோல்ட்டை ஒட்டியதுதான். அங்கே 2 என்பது இடி. இந்தத் தாவலை எந்த டையோடும் தடுக்காது. இது உதையே அல்ல, காயிலின் வழக்கமான கரண்ட்.

செய்ய வேண்டியது எளிது. எமிட்டர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தனி ஒயரில், பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரின் மைனஸ் முனைக்கே நேராகக் கொண்டுபோங்கள். ஆடியோ கிரவுண்டும் தன் தனி ஒயரில் அங்கேதான் வர வேண்டும். இரண்டும் சந்திப்பது அந்த ஒரு புள்ளியில் மட்டும். ஒரு தெருவில் இரண்டு வீட்டுச் சாக்கடையும் தனித்தனியாகப் போய்ப் பெரிய கால்வாயில் சேர்வது மாதிரி. ஒரு வீட்டின் வழியாக இன்னொரு வீட்டுத் தண்ணீர் போகக் கூடாது.

பிளஸ் பக்கமும் கவனம் வேண்டும். ரிலேக்கான 12 வோல்ட்டை ஆடியோவைப் பெருக்கும் ஓப்ஆம்ப் ஐசிகளுக்குப் போகும் ரெகுலேட்டரிலிருந்து எடுக்காதீர்கள். தனி ரெகுலேட்டர் வைப்பது நல்லது. முடியாவிட்டால் ரிலேக் கூட்டத்துக்கு முன்னால் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதன் பின்னால் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. ஒரு ரிலேக்கு 10 ஓமில் விழுவது 0.42 வோல்ட்தான், ரிலே அதைக் கண்டுகொள்ளாது. இந்தக் கெப்பாசிட்டரின் மைனஸ், எமிட்டர்கள் சேரும் இடத்திலேயே போக வேண்டும்.

சிலர் காயிலுக்குக் குறுக்கே நேராக 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைக்கச் சொல்வார்கள். வேண்டாம். அணையும்போது உதை மெதுவாகும் என்பது உண்மைதான். ஆனால் ஆன் ஆகும்போது காலிக் கெப்பாசிட்டர் நிரம்ப ஒரு பெரிய கரண்ட் அலை டிரான்சிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்குப் பாயும். ஒரு ‘டப்’பைக் குறைக்கப்போய் இன்னொன்றைப் பெரிதாக்குவீர்கள்.

ஐந்தாம் படி: விளிம்பை மெதுவாக்குங்கள்

இவ்வளவும் செய்த பிறகும் கொஞ்சம் ‘டிக்’ மிச்சம் இருக்கலாம். ரிலேயின் காயிலுக்கும் கான்டாக்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. அதன் வழியாகப் போகும் கரண்ட், வோல்ட்டேஜ் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. டையோடு இல்லாமல் ஒரு மைக்ரோசெகண்டில் 100 வோல்ட் எகிறினால், 2 பிக்கோஃபாரட் வழியாக 0.2 மில்லிஆம்பியர் போகும். கான்டாக்ட் பக்கம் 10 கிலோஓம் இருந்தால் அது 2 வோல்ட் குத்து. டையோடு போட்டு 12 வோல்ட்டாகக் குறைத்தால் கால் வோல்ட். அதே 12 வோல்ட்டை ஒரு மில்லிசெகண்ட் எடுத்து மெதுவாக மாற்றினால்? கால் மில்லிவோல்ட். ஆயிரத்தில் ஒரு பங்கு!

இதற்கு பிசி337 போன்ற பிஜேடி வகை டிரான்சிஸ்டரைவிட மாஸ்ஃபெட் வகை தோதானது. அதில் பேஸுக்குப் பதில் கேட், கலெக்டருக்குப் பதில் டிரெயின். 2என்7000 போடுங்கள். கேட்டுக்கு 100 கிலோஓம் ரெசிஸ்டர், கேட்டுக்கும் டிரெயினுக்கும் இடையே 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர். டிரெயின் வோல்ட்டேஜ் மாற முயலும்போதெல்லாம் இந்தக் கெப்பாசிட்டர் கேட்டைப் பிடித்து இழுக்கும். மாற்றத்தின் வேகத்தை அந்த ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் தீர்மானிக்கும். 5 வோல்ட்டில் இயக்கினால் ஆன், ஆஃப் இரண்டும் நாலைந்து மில்லிசெகண்டில் வழுக்கிக்கொண்டு நடக்கும். ரெசிஸ்டரின் மைக்ரோகன்ட்ரோலர் பக்கத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கன்ட்ரோலர் விழித்துக்கொள்ளும்வரை அதன் கால் அந்தரத்தில் இருக்கும், பவர் போட்டதும் ரிலே தானாக எழும். டையோடையும் எடுத்துவிடாதீர்கள்; என்றாவது ஒரு பாகம் கழன்றால் அதுதான் காப்பாற்றும். 3.3 வோல்ட் கன்ட்ரோலரில் 2என்7000 முழுதாகத் திறக்கும் என்று நம்ப முடியாது, குறைந்த கேட் வோல்ட்டேஜில் திறக்கும் வேறு மாஸ்ஃபெட் வேண்டும்.

இந்த மெதுவாக்கும் வேலை லைன் சிக்னலை மாற்றும் ரிலேக்கு மட்டும். ஸ்பீக்கர் ரிலேக்குக் கூடாது. அங்கே தேவை நேர் எதிரானது.

ஸ்பீக்கர் ரிலே வேறு ஜாதி

பவர் ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ஸ்பீக்கரில் முழு டிசியும் பாயும். அந்த நேரத்தில் ரிலே எவ்வளவு சீக்கிரம் விடுகிறதோ அவ்வளவு நல்லது. இங்கே வெறும் டையோடு ஒரு தடை. டையோடு வழியாகச் சுற்றும் காயில் கரண்ட் சாவகாசமாகத்தான் தேயும். நம் அரை ஹென்றி, 288 ஓம் கணக்கில் கரண்ட் முழுதாக அடங்க ஏறத்தாழ 5 மில்லிசெகண்ட். டையோடோடு தொடராக 24 வோல்ட் ஜீனர் (குறித்த வோல்ட்டேஜில் எதிர்த்திசையிலும் திறக்கும் டையோடு) ஒன்றைச் சேர்த்தால் அதே கரண்ட் 0.7 மில்லிசெகண்டில் அடங்கிவிடும். காயிலின் ஆற்றலை அதிக வோல்ட்டேஜில் எரித்தால் சீக்கிரம் தீரும் என்பதுதான் காரணம். கான்டாக்டுகளும் தயங்காமல் சட்டென்று பிரியும், அவற்றின் நடுவே பொறி நிற்கும் வாய்ப்பு குறையும்.

பொருத்தும்போது இரண்டின் கோடுகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். டையோடின் கோடில்லாத முனை கலெக்டரில், ஜீனரின் கோடில்லாத முனை சப்ளை பிளஸ்ஸில். கலெக்டர் காணப்போகும் உச்சம்: 12, 24, 0.7 மூன்றும் சேர்ந்து 36.7 வோல்ட். பிசி337-இன் 45-க்குள் இருக்கிறது. 24 வோல்ட் ரிலேக்கு இதே ஜீனரைப் போட்டால் 48.7 ஆகிவிடும், டிரான்சிஸ்டரை மாற்றுங்கள் அல்லது 15 வோல்ட் ஜீனர் எடுங்கள். யூஎல்என்2003 வைத்திருந்தால் 9-ஆம் பின்னுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரே ஒரு ஜீனர் போதும், கோடு 9-ஆம் பின் பக்கம். ஏழு ரிலேக்கும் அது பொதுவாகிவிடும். அந்த ஐசியின் எல்லை 50 வோல்ட்.

ஆறாம் படி: கான்டாக்ட் பக்கத்து டிசி

காயில் பக்கம் சுத்தமான பிறகும் ‘தொம்’ வந்தால் இங்கேதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இன்புட்டிலும் சாக்கெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 மெகாஓம் ரெசிஸ்டர் வையுங்கள். கருவியின் அவுட்புட் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் சார்ஜ், ரிலே திறந்திருக்கும் நேரத்தில் சேர்ந்துகொண்டே போகாமல் இது வடித்துவிடும். ரிலேக்களின் பொதுமுனையிலும் 100 கிலோஓம் ஒன்று வேண்டும். ஒரு ரிலே விட்டு அடுத்தது பிடிப்பதற்குள் ப்ரீஆம்பின் இன்புட் அந்தரத்தில் தொங்கக் கூடாது.

ரெசிஸ்டரையும் மீறி டிசி வருகிறது என்றால், அந்த இன்புட்டில் தொடராக 1 அல்லது 2.2 மைக்ரோஃபாரட் பிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்து, அதற்குப் பிறகு, ரிலேக்கு முன்னால், அந்த 1 மெகாஓமை வையுங்கள். எலக்ட்ரோலிட்டிக் இங்கே வேண்டாம், அதுவே கசியும். என் டிவிடி பிளேயர் இப்படித்தான் அடங்கியது.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் அலையின் நடுவில் வெட்டுப்படும், அதற்கும் ஒரு சின்னச் சத்தம் உண்டு. மைக்ரோகன்ட்ரோலர் இருந்தால் தீர்வு சுலபம். அவுட்புட்டைக் கிரவுண்டுக்கு இழுக்கும் மியூட் ரிலே ஒன்றை முதலில் இயக்குங்கள், 50 மில்லிசெகண்ட் பொறுங்கள், இன்புட்டை மாற்றுங்கள், கான்டாக்டின் துள்ளல் அடங்க இன்னொரு 100 மில்லிசெகண்ட் பொறுத்து மியூட்டை விடுங்கள். காதுக்கு அது ஒரு கண் சிமிட்டல்தான். மியூட் ரிலேக்கு முன்னால் தொடராக 470 ஓமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓப்ஆம்பின் அவுட்புட்டை நேராக ஷார்ட் செய்வீர்கள்.

லாச்சிங் ரிலே பற்றி

கிதார் பெடல் செய்பவர்கள் லாச்சிங் ரிலேயை விரும்புவார்கள். சில மில்லிசெகண்ட் துடிப்பு கொடுத்தால் போதும், நிலை மாறி அப்படியே நிற்கும். தொடர்ந்து கரண்ட் வேண்டாம், சூடும் இல்லை, பேட்டரியும் மிச்சம். ஆனால் துடிப்பு முடியும்போது உதை உண்டு. இரண்டு காயில் உள்ள வகைக்கு இரண்டு டையோடு வேண்டும். ஒரே காயிலைத் திசைமாற்றி இயக்கும் வகைக்குச் சாதாரண டையோடு குறுக்கே வைக்க முடியாது. ஒரு திசையில் ஷார்ட் ஆகிவிடும். கரண்டின் திசையை மாற்றித் தரும் ஹெச்-பிரிட்ஜ் சர்க்யூட்டின் நான்கு டையோடுகள்தான் அங்கே வேலை செய்யும். கரண்ட் போய் வந்தால் ரிலே பழைய நிலையிலேயே இருக்கும் என்பதையும் நினைவில் வைத்து, புரோகிராமின் முதல் வரிகளிலேயே அதைத் தெரிந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாகச் சோதிப்பது எப்படி

ஆசிலாஸ்கோப் இருந்தால் கலெக்டரில் ப்ரோபை வைத்து அணையும் கணத்தைப் பிடியுங்கள். டையோடு ஒன்று மட்டும் இருந்தால் 12.7-இல் தட்டையான ஒரு மேடு தெரிய வேண்டும், அதற்கு மேல் ஊசி எதுவும் நிற்கக் கூடாது. டையோடில்லாமல் பார்க்க ஆசைப்பட்டால் ப்ரோபைப் பத்து மடங்கில் வையுங்கள்.

இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டரின் லைன்-இன் போதும். செலக்டரின் அவுட்புட்டை அதில் கொடுத்து, ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் பதிவு செய்யுங்கள். பவர் ஆம்பின் ஸ்பீக்கர் முனையை மட்டும் ஒருபோதும் அதில் கொடுக்காதீர்கள், சவுண்ட் கார்டு போய்விடும். எல்லா இன்புட்டிலும் நடு முனையையும் வெளி வளையத்தையும் இணைத்த பிளக்கைச் செருகிவிட்டு, பத்து முறை மாற்றி மாற்றிப் பதிவு செய்யுங்கள். மைக்ரோசெகண்ட் ஊசி இதில் முழுதாகத் தெரியாது; காதுக்குக் கேட்கும் ‘டப்’ நன்றாகவே தெரியும். ஒவ்வொரு படி முடிந்ததும் இதே பதிவை இதே வால்யூமில் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். எந்தப் படியில் எவ்வளவு குறைந்தது என்று அலையின் உயரமே காட்டிவிடும். பிளக்குகளை எடுத்துவிட்டுக் கருவிகளைச் செருகியதும் ஏதாவது ஒரு இன்புட்டில் மட்டும் உயரம் ஏறினால், அங்கே ஆறாம் படி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.